மக்பூல் ஏறாத இரண்டாம் விமானம்

நபீசா விமானத்தில் ஏறியதில்லை. ஆனால் ஊட்டி மெயின் பஜாரில் ரஞ்சனி அக்காவின் ஜெராக்ஸ் கடையில் உட்கார்ந்து, ஒன்பது வருடமாக அடுத்தவர்களுக்குப் பாஸ்போர்ட் விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். எஸ்டேட்டில் ஒருநாள் லீவு சொல்லிவிட்டு வருகிறவர்கள், வளைகுடா வேலைக்குக் கிளம்புகிற கூடலூர்ப் பையன்கள், வெளிநாட்டில் பேரன் பிறந்திருக்கிற பிக்கட்டிப் பெரியவர்கள் என்று யார் யாரோ அவளுக்கு எதிரே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, பிறந்த தேதியை யோசித்து யோசித்துச் சொல்லியிருக்கிறார்கள். அவளுக்கும் ஒரு பாஸ்போர்ட் உண்டு. மகள் ஃபிசாவுக்கு ஒரு வயதானபோது எடுத்தது. ஒரு முத்திரைகூட விழாமல் பீரோவில் கல்யாணப் புடவைக்கு அடியில் கிடந்தது.

கணவன் மக்பூல் ஷார்ஜாவில் ஏசி மெக்கானிக். ஐ.டி.ஐ.யில் அந்தத் தொழிலைப் படித்தபோதே ஊரில் காந்தல் பக்கத்துக் கூட்டாளிகள் கேலி செய்தார்களாம், ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு தூங்குகிற ஊரில் எவனடா ஏசி மாட்டப் போகிறான் என்று. படித்த படிப்புக்கு வெயில் அடிக்கிற ஊராகப் பார்த்துப் போனவன், பத்து வருடம் அங்கேயே இருந்துவிட்டான். இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை நாற்பது நாள் லீவு. கல்யாணமாகிப் பத்து வருடம் ஆகியும், இருவரும் ஒரே வீட்டில் இருந்த நாட்களை எல்லாம் சேர்த்தால் ஒரு வருடம் தேறாது.

அந்தக் குறையை அவன் பேச்சால் நிரப்பினான். தினமும் ராத்திரி எட்டரைக்கு அவனிடமிருந்து அழைப்பு வரும். நபீசா இயர்போனைக் காதில் மாட்டிக்கொண்டு பூண்டு உரித்தபடி கேட்பாள். இருபத்துமூன்றாவது மாடியில் ஏசிப் பெட்டிக்கு மேல் குட்டி போட்ட பூனை, சமையல் முறை வந்தால் வயிற்று வலி என்று படுத்துக்கொள்கிற அறைக்கூட்டாளி, ஊட்டி என்றால் எந்த நாட்டில் இருக்கிறது என்று கேட்ட எகிப்துக்காரர் என்று அவன் சொல்லச் சொல்ல அவளுக்கு அந்த ஊரே கண் முன் வந்துவிடும். அவன் வேலைக்குப் போகிற வேனின் டிரைவர் எந்தப் பக்கம் வெற்றிலை அடக்குவான் என்பதுகூடத் தெரியும். ஒருமுறையாவது அந்தத் தெருக்களைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்பாள். “அடுத்த வருஷம் விசிட் விசா போட்டுரலாம், நீயும் ஃபிசாவும் வாங்க” என்பான். அடுத்த வருடம் ஏதாவது ஒன்று குறுக்கே வரும்.

போன வருடத்துக்கு முந்தின வருடம், பிப்ரவரியில் லீவு முடிந்து கிளம்பினான். திங்கட்கிழமை மத்தியானம் பஸ் ஏற்றிவிட்டு வந்தாள். செவ்வாய்க்கிழமை விடியற்காலை விமானம். அன்று ராத்திரி எட்டரைக்கு அழைப்பு வரவில்லை. “பத்திரமா இருக்கேன், அப்புறம் பேசறேன்” என்று ஒரு வரி மட்டும் வந்தது. போய்ச் சேர்ந்த களைப்பு என்று நினைத்துக்கொண்டாள்.

புதன்கிழமை பதினோரு மணி இருக்கும். குந்தா பக்கத்திலிருந்து வந்த சங்கிலி என்பவருக்கு விண்ணப்பம் தட்டிக்கொண்டிருந்தாள். கடை வாசலில் வெளிச்சம் மறைந்தது. நிமிர்ந்தால் மக்பூல். ஒரு கையில் பெட்டி. இன்னொரு கையில், அவள் கட்டிக்கொடுத்த வர்க்கியும் டீத்தூளும் இருந்த அதே பை.

“ஏங்க... என்னாச்சு? ஃப்ளைட்டு?”

“போகலை.” பெட்டியைக் கீழே வைத்தான். “ரன்வேன்னு நெனச்சு வேற ரோட்டுல ஓட்டிட்டாங்க.”

ரஞ்சனி அக்கா ஜெராக்ஸ் மெஷினை நிறுத்திவிட்டு வந்தார். “பஸ்ஸு தடம் மாறிப் போறது தெரியும். ப்ளேனு கூடவாங்க?”

“ரெண்டு ரோடு பக்கத்துல பக்கத்துல நீளமா இருக்குமுங்க அக்கா. ஒண்ணு பறக்கறதுக்கு, இன்னொண்ணு அங்க போய்ச் சேர்றதுக்கு. நல்ல பனி. பைலட்டுங்க ஒரு திருப்பம் முன்னாடியே திரும்பிட்டாங்க. போற ரோட்டையே பறக்கற ரோடுன்னு நெனச்சு முழு வேகத்துல விட்டுட்டாங்க. பாதியில பிரேக் போட்டாங்க.”

சங்கிலி நாற்காலியை விட்டு எழுந்து அவனை உட்காரச் சொன்னார். அவன் உட்காரவில்லை. நபீசாவைப் பார்த்துக்கொண்டே நின்றான்.

சாயந்திரமே வேறொரு விமானத்தில் எல்லோரையும் அனுப்பிவைத்தார்களாம். பயணிகளில் ஆறேழு பேர்தான் மாட்டேன் என்றது. அதில் மக்பூல் ஒருவன். பெட்டியைத் திரும்ப வாங்கிக்கொண்டு இரண்டு பஸ் மாறி மலையேறி வந்துவிட்டான்.

ஒரு வாரம் போகட்டும் என்றான். பிறகு இன்னொரு வாரம். கம்பெனியிலிருந்து இரண்டு தடவை பேசினார்கள். மூன்றாவது தடவை பேசியவர்கள் வேறு ஆளைப் போட்டுவிட்டதாகச் சொன்னார்கள். தெருவில் எல்லோரும் “சாவைத் தொட்டுட்டு வந்திருக்கான், ஒண்ணும் கேக்காதீங்க” என்றார்கள். நபீசாவின் தம்பி நௌமான்கூட, “மச்சானை ஏர்போர்ட் பக்கமே கூட்டிட்டுப் போகாதக்கா” என்று காதோடு சொல்லிவிட்டுப் போனான்.

நபீசாவுக்கு உள்ளுக்குள் வேறொன்று ஓடியது. பத்து வருடமாக ஒவ்வொரு தொழுகையிலும் அவள் கேட்டது இதைத்தானே. அவர் இங்கேயே இருந்துவிட வேண்டும். யாரோ முகம் தெரியாத இரண்டு விமானிகள் பனியில் வழி தப்பி அதைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டார்கள். புருஷன் பயந்து போயிருக்கும்போது இப்படிச் சந்தோஷப்படுகிறோமே என்று கூச்சமாக இருந்தது. ஆனாலும் சந்தோஷத்தை என்ன செய்வது? விடிகாலையில் அவன் இருமுவது கேட்டு விழிப்பதே அவளுக்குப் போதுமாக இருந்தது. ஃபிசாவைப் பள்ளிக்கூடத்துக்கு அவன் கொண்டுபோய் விட்டான். ஞாயிற்றுக்கிழமை கறி வாங்கி வந்து அவனே அறுத்துக் கழுவினான். ஊரில் ஏசி இல்லாவிட்டால் என்ன, ஐஸ்கிரீம் கடை இருக்கிறது, ஓட்டல்களில் ஃப்ரீசர் இருக்கிறது, கறிக்கடையில் குளிர்ப் பெட்டி இருக்கிறது. கோத்தகிரி, குன்னூர், கூடலூர் என்று ஸ்பானர் பையைத் தூக்கிக்கொண்டு போய் வந்தான்.

ஏப்ரல், மே சீசன் கூட்டத்தில் ஒன்றும் தெரியவில்லை. கூட்டம் வடிந்து ஜூன் மழை பிடித்துக்கொண்ட பிறகுதான் நபீசா கவனித்தாள். மக்பூல் பேசுவதே இல்லை.

“இன்னிக்கு எங்க போனீங்க?”

“குன்னூரு.”

“என்ன வேலை?”

“கம்ப்ரெஸரு.”

அவ்வளவுதான். சோற்றை அள்ளிப் போட்டுக்கொண்டு, மகள் பாடம் எழுதுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். முகத்தில் கோபம் இல்லை. கேட்டதற்குப் பதில் உண்டு. ஆனால் எட்டரை மணி வந்தால் நபீசாவின் கண் தன்னையறியாமல் போனுக்குப் போகும். போன் சும்மா கிடக்கும். அதில் பேசிக்கொண்டிருந்த ஆள் மூன்றடி தள்ளி உட்கார்ந்து காலைச் சொறிந்துகொண்டிருப்பான்.

பயம் அவன் வாயைக் கட்டிவிட்டது என்று முடிவு செய்தாள். அதனால் அவளும் வாயைக் கட்டினாள். டிவியில் விமானம் வந்தால் வேறு சேனல் மாற்றினாள். மேலே ஹெலிகாப்டர் சத்தம் கேட்டால் டிவி சத்தத்தைக் கூட்டி வைத்தாள். அவன் என்னவோ எழுந்து வாசலுக்குப் போய் அண்ணாந்து வேடிக்கைதான் பார்த்தான். அது வீம்பு என்று எண்ணிக்கொண்டாள். கடையில் என்ன விண்ணப்பம் நிரப்பினாள் என்பதைக்கூட அவனிடம் சொல்வதில்லை. ஷார்ஜாவைப் பார்க்கும் ஆசையை உள்ளேயே வைத்துக்கொண்டாள்.

ஜூலையில் ஒருநாள் சாயந்திரம் நல்ல மழை. வீட்டுக்குள் கயிறு கட்டித் துணி காயப் போட்டிருந்தது. அவனுடைய சட்டையிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் அவள் தோளில் விழுந்தது. அவள் நகரவில்லை. அடுப்படியில் இயர்போனை மாட்டிக்கொண்டு ஏதோ கேட்டுக்கொண்டிருந்தாள். மக்பூல் டீ கேட்க வந்தவன், அவள் தனியாகச் சிரிப்பதைப் பார்த்தான்.

“யாரு பேசறாங்க?”

போனைக் கவிழ்த்து வைத்தாள். “ஒண்ணுமில்லீங்க, யூடியூப்பு.”

அவன் டீயை வாங்கிக்கொண்டு போய்விட்டான். அவள் கேட்டுக்கொண்டிருந்தது அவன் குரலை. மூன்று வருடத்துக்கு முன்னால் அவன் அனுப்பி, அவள் அழிக்காமல் வைத்திருந்த குரல் பதிவுகள். பூனைக் கதை. சொந்தப் புருஷனின் பேச்சைப் புருஷனுக்கு ஒளித்துக் கேட்கிறோமே என்று அவளுக்கு வெட்கமாகிவிட்டது. ஆனால் மறுநாளும் கேட்டாள்.

அந்த வருடம் இப்படியே போயிற்று. மறு வருடம் மார்ச் மாதம், மத்தியான வேளையில் கடையில் ஆள் இல்லாதபோது, அந்த விமானத்துக்கு என்னதான் ஆயிற்று என்று கம்ப்யூட்டரில் தேடிப் பார்த்தாள். விசாரணை அறிக்கை வெளியாகியிருந்தது. நாற்பத்தாறு பக்கம், அத்தனையும் இங்கிலீஷ். பிரிண்ட் எடுத்து, தெரியாத வார்த்தைக்கெல்லாம் அர்த்தம் பார்த்து, பென்சிலால் ஓரத்தில் தமிழில் எழுதிக்கொண்டு, ஒன்பது நாள் படித்தாள்.

“பரீட்சைக்குப் படிக்கறயா புள்ள?” என்றார் ரஞ்சனி அக்கா.

“ஆமாங்க அக்கா, அந்த மாதிரிதான்.”

குடிகாரன் கையில் பஸ் மாட்டியது போல ஏதாவது இருக்கும் என்று நினைத்திருந்தாள். அறிக்கையில் அப்படி ஒன்றும் இல்லை. தலைமை விமானி அதே ஓடுதளத்திலிருந்து நூறு தடவைக்கு மேல் கிளம்பியிருக்கிறார். அன்று புறப்பாடு ஏற்கெனவே தாமதம். துணை விமானி குனிந்து சரிபார்ப்புப் பட்டியலைப் படித்துக்கொண்டிருந்த நேரத்தில், தலைமை விமானி பனியில் ஒரு திருப்பம் முன்னதாகவே திரும்பிவிட்டார். தரையில் விளக்குகள் இருந்தன. ஓடுதளத்தின் ஓரத்தில் வெள்ளை விளக்கு எரியும், போகிற பாதையின் ஓரத்தில் நீலம் எரியும். நீலம்தான் எரிந்தது. அவர் பார்த்தார். ஆனாலும் வழக்கமாகப் பார்ப்பதையே பார்த்ததாக மனம் எடுத்துக்கொண்டுவிட்டது என்று எழுதியிருந்தது. அந்த வரியின் கீழ் நபீசா கோடு போட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை நல்ல வெயில். ஃபிசா மாமா வீட்டுக்குப் போயிருந்தாள். மக்பூல் வீட்டுக்குப் பின்னால் வெயிலில் உட்கார்ந்து ஒரு பழைய மோட்டாரைப் பிரித்துப் போட்டிருந்தான். நபீசா காகிதக் கட்டோடு வந்து எதிரே உட்கார்ந்தாள்.

“கோவிச்சுக்காதீங்க. உங்க ஃப்ளைட்டு ரிப்போர்ட்டு வந்திருக்கு. படிக்கட்டுமா?”

அவன் ஸ்பானரைக் கீழே வைத்தான். “படி.”

அவள் தமிழில் சொல்லிக்கொண்டே போனாள். பனி, தாமதம், திருப்பம். “துணை விமானிக்கு வேகமெடுத்த நாலாவது செகண்டுலயே விளக்கோட கலர்ல சந்தேகம் வந்திருக்குங்க. ஆனா எட்டாவது செகண்டுலதான் சொல்லியிருக்காங்க. அதே நேரத்துல டவர்ல இருந்தும் நிறுத்தச் சொல்லியிருக்காங்க.”

“நாலு செகண்டு சும்மா இருந்திருக்காங்களா?”

“ம். பெரியவரு தப்பாப் போவாரான்னு நெனச்சுட்டேன்னு சொல்லியிருக்காங்க.”

மக்பூல் கையிலிருந்த எண்ணெயைத் துணியில் துடைத்தான். துடைத்த கையையே மறுபடி துடைத்தான்.

“நான் அதுக்கும் முன்னாடியே பார்த்துட்டேன்” என்றான்.

“என்னங்க?”

“நீலம். எப்பவும் ஜன்னல் சீட்டுதான் கேட்டு வாங்குவேன். அதோட பதினோராவது தடவை. பறக்கப் போறப்ப வெள்ளையாத்தான் ஓடும். திரும்பினதுமே தெரிஞ்சுபோச்சு, இது அது இல்லைன்னு.”

“கத்தியிருக்கலாமில்லீங்க? பயத்துல வாய் வரலையா?”

“பயமில்லை நபீசா.” தலை குனிந்தபடி சொன்னான். “இது இப்படியே நின்னுட்டா நல்லாருக்கும்னு நெனச்சேன். முன்னாடி சீட்டுல கைக்குழந்தை, பக்கத்துல வயசானவரு, நூத்தெழுபது பேரு உள்ள இருக்காங்க. நான் இதை நெனச்சுட்டு உக்காந்திருக்கேன். பிரேக் போட்டதும் எல்லாரும் அழறாங்க. எனக்குச் சிரிப்பு வந்துச்சு. ஊட்டுக்குப் போலாம்னு சிரிப்பு.”

நபீசா காகிதத்தை மடியில் வைத்துக்கொண்டாள்.

“சாயந்திரம் வேற ஃப்ளைட்டுன்னதும், வரமாட்டேன்னு சொன்னேன். பாவம், பயந்துட்டாருன்னு அங்கயே ஒரு புள்ள தண்ணி கொண்டுவந்து குடுத்துச்சு. இங்க வந்தா நீங்க எல்லாரும் அதையேதான் சொன்னீங்க. சரி, அப்படியே இருக்கட்டும்னு விட்டுட்டேன். அங்க இருக்க முடியலை, வந்துட்டேன்னு ஒரு ஆம்பளை எப்படிச் சொல்றது? பத்து வருஷமா நல்லாருக்கேன் நல்லாருக்கேன்னு சொன்னவன்.”

“நல்லால்லையா?”

“இல்லை.”

“தினமும் அத்தனை பேசுவீங்களே!”

“வேன்ல வர்றப்பவே யோசிச்சு வச்சுக்குவேன், இன்னிக்கு உனக்கு எதைச் சொல்லலாம்னு. ஒண்ணும் நடக்காத நாள்ல கொஞ்சம் சேர்த்துக்குவேன்.”

“பூனை?”

“பூனை நெசம்தான்” என்றான் அவசரமாக. “குட்டி போட்டது நெசம். எகிப்துக்காரன்தான்... அது நானாச் சொன்னது.”

நபீசா எழுந்து உள்ளே போய்விட்டாள். பாலை அடுப்பில் வைத்தாள். கோபம் கோபமாக வந்தது. ஒரு வருடமாக இந்த மனிதன் பயந்துவிட்டான் என்று நினைத்து அவள் பார்த்துப் பார்த்து நடந்திருக்கிறாள். எத்தனை சேனல் மாற்றியிருக்கிறாள். பால் பொங்கி வழிந்தது. துடைத்தாள். துடைக்கும்போதே அழுகை வந்தது. அது அவன் பொய் சொன்னதற்காக இல்லை. ஒரு வார்த்தை வாயைத் திறந்து, “நான் வந்துடறேன்” என்று அவன் சொல்லியிருந்தால், வாங்க என்று சொல்லத்தான் அவள் பத்து வருடமாகக் காத்திருந்தாள். அவனுக்கும் அதே ஆசை இருந்திருக்கிறது. ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்து, நல்லாயிருக்கேன் நல்லாயிருக்கேன் என்று சொல்லியே பத்து வருடத்தைப் போக்கியிருக்கிறார்கள்.

டீயோடு வெளியே வந்தாள்.

“இங்க வந்தப்புறம் ஏன் பேசறதில்லை?”

“என்ன பேசறது? நீயே எல்லாத்தையும் பார்க்கறயே.”

“நான் என்னத்தைப் பார்த்தேன்? கூடலூர்ல ஃப்ரீசருக்குள்ள நீங்க தலையை விட்டா எனக்குத் தெரியுமா?” போனை எடுத்து அவன் கையில் கொடுத்தாள். “ஜூலை மாசம் கேட்டீங்களே, யாரு பேசறாங்கன்னு. இவருதான். தினமும் கேக்கறேன்.”

அவன் பதிவை ஓடவிட்டான். தன் குரலைக் கேட்டு முகம் மாறிப்போனான். பாதியிலேயே நிறுத்தினான்.

“இவருதாங்க இன்னும் ஊட்டுக்கு வரலை” என்றாள் நபீசா. சொல்லிவிட்டு, இன்னொன்றையும் சேர்த்துச் சொன்னாள். “எனக்கு அந்த ஊரைப் பார்க்கோணும். அந்த ரூமு, அந்தத் தெரு, எல்லாம். பயந்த ஆளுகிட்ட எப்படிக் கேக்கறதுன்னு வாயை மூடிட்டிருந்தேன்.”

“அதுல பார்க்க என்ன இருக்கு? எட்டுப் பேரு படுக்கற ரூமு.”

“இருக்கட்டும்.”

அன்றே எல்லாம் மாறிவிடவில்லை. மறுநாளும் “எங்க போனீங்க?” என்றால் “கோத்தகிரி” என்றுதான் வந்தது. அதற்குப் பிறகு, கொஞ்சம் பொறுத்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, கோத்தகிரி ஓட்டல்காரர் மகனோடு போட்ட சண்டையைச் சொன்னான். சுமாரான கதைதான். நபீசா முழுவதும் கேட்டாள். இன்னொரு நாள், அவள் கேட்காமலேயே, ஷார்ஜாவில் முதல் வருடம் மொட்டை மாடியில் மயங்கி விழுந்ததைச் சொன்னான். ஆகஸ்ட் மாத வெயிலில் தகரம் கையைச் சுட்டுவிட்டதாம். அன்று ராத்திரி எட்டரைக்குக் கைக்கட்டோடு அவளிடம் பேசினானாம்.

“அன்னிக்கு என்ன சொன்னீங்க என்கிட்ட?”

“ஞாபகமில்லை. நல்லா சிரிச்ச நீ.”

அவன் கையை இழுத்துப் பார்த்தாள். உள்ளங்கை ஓரத்தில் தோல் இன்னும் பளபளப்பாகத்தான் இருந்தது. இத்தனை லீவுக்கு வந்தபோதும் அவள் அதைக் கவனித்ததில்லை.

அந்த இரண்டு விமானிகளைப் பற்றி அவ்வப்போது நினைத்துக்கொள்வாள். ஆறு மாதம் இருவரையும் பறக்க விடவில்லை, மறுபடி பயிற்சி கொடுத்துச் சேர்த்துக்கொண்டார்கள் என்று அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் இருந்தது. பெயரைப் போடவில்லை. அந்தத் துணை விமானி ஆணா பெண்ணா என்பதுகூடத் தெரியவில்லை. அந்த ஆறு மாதம் எந்த ஊரில், யார் வீட்டில் இருந்திருப்பார்? மேலே விமானச் சத்தம் கேட்டால் எழுந்து போய்ப் பார்த்திருப்பாரா? அந்த நாலு செகண்டை வீட்டில் யாரிடமாவது சொல்லியிருப்பாரா? கடிதம் எழுதலாம் என்றால் யார் பெயருக்கு எழுதுவது?

ஷார்ஜா போகவில்லை இன்னும். சீசன் முடியட்டும் என்றார்கள், முடிந்தது. மழை நிற்கட்டும் என்றார்கள். ஃபிசாவுக்குப் பாஸ்போர்ட் எடுத்தாயிற்று, அந்த விண்ணப்பத்தையும் நபீசாவேதான் நிரப்பினாள். இப்போதைக்கு வீட்டில் நடப்பது வேறு. சாப்பிட்டு முடித்து ஃபிசா பாடம் எழுத உட்கார்ந்ததும், மக்பூல் அந்தப் பத்து வருடத்தை ஆரம்பத்திலிருந்து சொல்கிறான். சேர்த்துச் சொன்னதை எடுத்துவிட்டு, விட்டதைச் சேர்த்து. சில நாள் இரண்டு வரியோடு நின்றுவிடுவான். சில நாள் சொல்லிக்கொண்டே இருப்பான். இப்போது நான்காவது வருடம் நடக்கிறது. அந்த வருடம் நோன்புப் பெருநாளன்று அவனுக்கு லீவு கிடைக்கவில்லை. ஒரு வங்கிக் கட்டிடத்தின் மெஷின் அறையில் தனியாக உட்கார்ந்து ரொட்டி தின்றிருக்கிறான்.

“பிரியாணி தின்னேன்னு சொன்னீங்களே!” என்றாள் நபீசா.

“சொன்னேன்.”

“என்ன ரொட்டி?”

அவன் யோசித்துவிட்டு, என்ன ரொட்டி என்று சொல்லத் தொடங்கினான்.